வேலை முடிந்த பிறகுதான் கையெழுத்து: பிஎச்பியில் க்யூ ஒர்க்கர் எழுதுவது

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் எம்.சி. ரோடு எப்படி இருக்கும் என்று வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக்கடைக்கு ஆர்டர் எடுக்கும் சைட் ஒன்றை பிஎச்பி மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். பார்ட்டி பட்டனை அமுக்கியதும் ஒரே ஸ்கிரிப்ட் ஸ்டாக்கைக் குறைக்கும், பில்லைப் பிடிஎஃப் ஆக்கும், மெயில் அனுப்பும், எஸ்எம்எஸ் அனுப்பும், இதெல்லாம் முடிந்த பிறகுதான் 'ஆர்டர் ஏற்கப்பட்டது' என்று காட்டும். சாதாரண நாளில் 3 விநாடி. சீசன் சூடு பிடித்ததும் எஸ்எம்எஸ் கேட்வே திணற ஆரம்பித்தது, 3 விநாடி 40 ஆனது, பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறதே என்று ஆட்கள் பட்டனை மறுபடி மறுபடி அமுக்க, ஒரே ஆர்டர் நான்கு தடவை பதிவானது. கல்லாவில் இருந்த பெரியவர் போன் போட்டார். "இன்னா தம்பி, ஒரு பார்ட்டி நாலு வாட்டி ஒரே சரக்கு கேட்டுக்கீறான், அனுப்பவா வேணாவா?"

அன்றைக்கு ராத்திரிதான் க்யூ பக்கம் போனேன். அதாவது வேலைகளை மெசேஜ் என்ற சின்னக் குறிப்புகளாக ஒரு வரிசையில் போட்டுவைப்பது, ஒர்க்கர் என்ற தனி நிரல் அவற்றைப் பின்னணியில் எடுத்துச் செய்வது. அதில் நான் செய்த தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் க்யூவில் மெசேஜ் போடுவது பத்து நிமிட வேலை. எடுத்து முடிப்பதில்தான் ஆள் கவிழ்வது.

முதலில் எதை க்யூவில் போடுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பார்ட்டிக்கு உடனே தெரிய வேண்டியது, அதாவது ஆர்டர் பதிவு, ஸ்டாக் இருக்கிறதா இல்லையா, இதெல்லாம் பக்கத்தின் உள்ளேயே நடக்கட்டும். பிடிஎஃப், மெயில், எஸ்எம்எஸ், கணக்கு சாஃப்ட்வேருக்கு அனுப்புவது, படத்தைச் சின்னதாக்குவது போல அரை நிமிஷம் தாமதமானாலும் யாரும் கோபப்படாத வேலைகளை க்யூவுக்குத் தள்ளுங்கள்.

எந்த க்யூ? ஒரு நாளைக்குச் சில ஆயிரம் வேலைதான் என்றால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலேயே ஒரு டேபிள் போதும். 8.0 பதிப்பிலிருந்து 'ஸ்கிப் லாக்டு' என்று ஒரு வசதி இருக்கிறது. 'செலக்ட் ஃபார் அப்டேட்' உடன் அதைச் சேர்த்துப் போட்டால், ஒரு ஒர்க்கர் பிடித்து வைத்திருக்கும் வரியை மற்ற ஒர்க்கர் தாண்டிப் போய் அடுத்த வரியை எடுத்துக்கொள்ளும், இரண்டு பேரும் ஒரே வரியில் முட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள். இதில் இன்னொரு லாபம், ஆர்டரையும் வேலையையும் ஒரே ட்ரான்சாக்‌ஷனில் எழுதிவிடலாம். பதிவானால் இரண்டும் சேர்ந்து பதிவாகும், இல்லையென்றால் இரண்டுமே பதிவாகாது. ஆர்டர் பதிவாகி வேலை பதிவாகாமல் போகும் விபத்து நடக்கவே நடக்காது. வெளியே தனி க்யூ வைத்தால் அந்த விபத்துக்கு இடம் உண்டு: டேட்டாபேஸில் கமிட் ஆனது, அதாவது பதிவு உறுதியானது, அடுத்த வரியில் க்யூவுக்கு அனுப்பும்போது நெட்வொர்க் போனது, முடிந்தது கதை. நான் ராபிட்எம்க்யூ என்ற தனி க்யூ சர்வரை எடுத்தேன், அதற்குக் காரணம் இருந்தது, பின்னால் கணக்கு பார்க்கும் நிரலும் அதிலிருந்தே படிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அப்படி ஒரு காரணம் இல்லையென்றால் டேபிளில் ஆரம்பியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ராபிட்எம்க்யூ என்றால் பிஎச்பி பக்கம் பிஎச்பி-ஏஎம்க்யூபிலிப் என்ற நூலகத்தை, பிஎச்பி நூலகங்களை இறக்கித் தரும் கம்போசரில் போட்டுக்கொள்ளலாம். போர்ட் 5672, பிரவுசரில் பார்க்கும் பலகை 15672. க்யூவை அறிவிக்கும் ஃபங்ஷனில் இரண்டு இடத்தைக் கண் விரித்துப் பாருங்கள். மூன்றாவது மதிப்பு 'ட்யூரபிள்', அதை ஆம் என்று வைக்க வேண்டும். ஐந்தாவது 'ஆட்டோ டெலீட்', நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இந்த நூலகம் அதை ஆம் என்றே எடுத்துக்கொள்ளும், கடைசி ஒர்க்கர் இறங்கியதும் க்யூவே மாயமாகிவிடும், உள்ளே இருக்கும் மெசேஜோடு. அதை இல்லை என்று வையுங்கள். ட்யூரபிள் வைத்தால் மட்டும் போதாது, மெசேஜை அனுப்பும்போதும் டெலிவரி மோட் 2 என்று போட வேண்டும். க்யூ ட்யூரபிள் ஆனால் மெசேஜ் அப்படி இல்லை என்றால், சர்வர் ரீஸ்டார்ட் ஆன பிறகு க்யூ இருக்கும், உள்ளே காலி.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கோடவுனில் பண்டல் வெளியே போவதைப் பார்த்திருப்பீர்கள். மீன்பாடி வண்டியில் ஏற்றியதும் கோடவுன்காரர் நோட்டில் அடித்துவிட மாட்டார். வண்டிக்காரர் லாரி புக்கிங் ஆபிஸில் இறக்கி, சலானில் கையெழுத்து வாங்கி வந்து காட்டிய பிறகுதான் அந்த வரியில் கோடு விழும். நடுவழியில் டயர் பஞ்சரானாலும் வண்டி கவிழ்ந்தாலும் அந்தப் பண்டல் இன்னும் கோடவுன் கணக்கில்தான் இருக்கும், வேறு வண்டியில் ஏற்றலாம். க்யூவில் இந்தக் கையெழுத்துக்குப் பேர் 'ஆக்'. ஒர்க்கர் ஆக் கொடுக்கும்வரை ராபிட் அந்த மெசேஜை வைத்திருக்கும்; இணைப்பு அறுந்தால் மறுபடி வரிசையில் சேர்த்து வேறு ஒர்க்கரிடம் கொடுக்கும்.

நான் செய்த முதல் தப்பு இங்கேதான். எங்கேயோ கிடைத்த உதாரணத்தை அப்படியே ஒட்டினேன். அதில் 'பேசிக் கன்ஸ்யூம்' ஃபங்ஷனின் நான்காவது மதிப்பு, அதாவது 'நோ ஆக்', ஆம் என்று இருந்தது. அப்படியென்றால் அனுப்பிய நொடியே ராபிட் நோட்டில் கோடு போட்டுவிடும். சோதனையில் பிரமாதமாக ஓடியது. ஒரு நாள் நான் புதிய நிரலை ஏற்றுவதற்காக ஒர்க்கரை நிறுத்தியபோது வரிசையில் இருந்த வேலை எல்லாம் காணாமல் போயின, ஏனென்றால் இந்த முறையில் ராபிட் எந்த அளவும் இல்லாமல் எல்லாவற்றையும் ஒர்க்கரின் பக்கம் கொட்டிவிடும், நான் நிறுத்தியதும் அவை அந்த பிராசஸோடு போய்விடும். பதிவேட்டில் (லாக்) ஒரு வரிகூட இல்லை. எத்தனை பில் போகவில்லை என்று ஆர்டர் டேபிளை வைத்து கையால் எண்ணினேன்.

ஆக, நோ ஆக் இல்லை. அடுத்தது 'பேசிக் க்யூஓஎஸ்', அதில் இரண்டாவது எண்தான் ப்ரீஃபெட்ச், ஒரு வண்டியில் ஒரு நேரத்தில் எத்தனை பண்டல் ஏற்றலாம் என்பது. இதைச் சொல்லாமல் விட்டால் முதலில் வந்து நின்ற ஒர்க்கரிடம் மொத்தச் சரக்கையும் ஏற்றிவிடும், மற்ற மூன்று வண்டிக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். பிடிஎஃப் போல மெதுவான வேலைக்கு 1 வையுங்கள். ஒரு வேலை சில மில்லி விநாடியில் முடியும் என்றால் 10, 20 என்று ஏற்றிப் பார்க்கலாம்.

மெசேஜுக்குள் என்ன இருக்க வேண்டும்? முழு ஆர்டரையும் திணிக்காதீர்கள். வேலை எண், ஆர்டர் எண், என்ன வேலை, எப்போது உருவானது, எத்தனையாவது முயற்சி, ஐந்தும் ஜேசன் என்ற எளிய எழுத்து வடிவில் போதும். மீதியை ஒர்க்கர் டேட்டாபேஸிலிருந்து அப்போதைய நிலையில் படித்துக்கொள்ளட்டும். பார்ட்டி இடையில் முகவரியை மாற்றியிருந்தால் பழைய முகவரிக்குப் பில் போகாது.

ஒரு மெசேஜ் கைக்கு வந்ததும் நடக்க வேண்டியதைத் தமிழிலேயே எழுதிக் காட்டுகிறேன், உங்கள் நிரலில் இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்:

மெசேஜ் வந்தது
— ஜேசனைப் பிரி. பிரியவில்லை என்றால் 'கெட்டது' க்யூவில் போடு, ஆக் கொடு, வெளியே போ
— ட்ரான்சாக்‌ஷனைத் தொடங்கு
— வேலை எண்ணை 'முடிந்தவை' டேபிளில் எழுது. ஏற்கெனவே இருக்கிறது என்று யுனிக் கீ தடுத்தால் ரோல்பேக் செய் (தொடங்கியதை ரத்து செய்), ஆக் கொடு, வெளியே போ
— வேலையைச் செய்
— கமிட் செய்
— ஆக் கொடு

கமிட்டுக்கும் ஆக்குக்கும் நடுவில் கரண்ட் போனால்? மெசேஜ் திரும்ப வரும். வரட்டும், யுனிக் கீ தடுத்துவிடும். ராபிட் ஆகட்டும், ரெடிஸ் ஆகட்டும், மேகத்தில் வாடகைக்கு எடுக்கும் க்யூ ஆகட்டும், ஒரு மெசேஜ் இரண்டு தடவை வரலாம் என்று நினைத்துத்தான் எழுத வேண்டும். 'சரியாக ஒரே ஒரு தடவை' என்று யாராவது சத்தியம் செய்தால் எந்த எல்லைக்குள் என்று கேளுங்கள்.

டேட்டாபேஸுக்குள் நடக்கும் வேலைக்கு மேலே சொன்னது முழுத் தீர்வு. எஸ்எம்எஸ் அப்படி இல்லை, ஏனென்றால் வெளியே போன எஸ்எம்எஸ்ஸை ரோல்பேக் செய்ய முடியாது. கேட்வேயிடம் கொடுத்தாயிற்று, கமிட்டுக்கு முன் ஒர்க்கர் செத்தது என்றால் பார்ட்டிக்கு இன்னொரு எஸ்எம்எஸ் போகும். மாற்றி, முதலில் கமிட் செய்துவிட்டுப் பிறகு அனுப்பினால் இடையில் செத்தபோது எஸ்எம்எஸ்ஸே போகாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். பில் மெசேஜ் இரண்டு தடவை போனால் தலை போகாது, போகாமல் இருந்தால்தான் பார்ட்டி போன் போடுவார், அதனால் நான் இரண்டு தடவை போகும் பக்கம் சாய்ந்தேன். பணம் எடுக்கும் வேலையில் இந்த சமாதானம் செல்லாது. நீங்கள் கொடுக்கும் குறிப்பு எண்ணை வைத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பித் தரும் கேட்வேயாகப் பாருங்கள், வேலை எண்ணையே அந்தக் குறிப்பு எண்ணாகக் கொடுங்கள்.

சரி, வேலை தோற்றால்? ஆக்குக்கு எதிரான 'நாக்', அதாவது 'முடியவில்லை' என்ற பதிலைக் கொடுத்து மறுபடி வரிசையில் சேர்க்கச் சொல்லலாம் என்று எல்லா உதாரணத்திலும் இருக்கும். என் இரண்டாவது தப்பு அதுதான். ஒரு பார்ட்டி ஆர்டர் குறிப்பில் 'சீக்கிரம் அனுப்புங்க அண்ணே' என்று எழுதி, பக்கத்தில் கும்பிடும் இமோஜி ஒன்றைப் போட்டிருந்தார். ஆர்டர் டேபிள் புதியது, அது ஏற்றுக்கொண்டது. பில் விவரம் எழுதும் பழைய டேபிளில் எழுத்துவகை மைஎஸ்க்யூஎல்-இன் பழைய யூடிஎஃப்8, அதில் ஒரு எழுத்துக்கு 3 பைட்தான் இடம். தமிழின் யூனிகோட் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் அதுவரை தகராறு வரவில்லை. இமோஜிக்கு 4 பைட் வேண்டும். எழுத முடியவில்லை, நாக், மறுபடி அதே மெசேஜ், மறுபடி நாக். விநாடிக்கு நூற்றுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது, சிபியு கொதித்தது, பின்னால் நின்ற பில்கள் நகரவே இல்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி ஆக்ஸில் உடைந்து நின்றால் துறைமுகம் போகும் வரிசை முழுக்க நிற்குமே, அதேதான். அந்த டேபிளை யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றியதும் சரியானது, ஆனால் உண்மையான தப்பு என் ஒர்க்கரில் இருந்தது.

தோல்வியை இரண்டாகப் பிரியுங்கள். கேட்வே பதில் சொல்லவில்லை, டேட்டாபேஸ் லாக்கில் மாட்டியது என்பது தற்காலிகம், கொஞ்சம் பொறுத்து முயன்றால் நடக்கும். போன் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருக்கிறது என்றால் நூறு தடவை முயன்றாலும் பத்தாகாது, அது நிரந்தரம், நேராகக் கெட்டது க்யூவுக்கு. எது என்று தெரியவில்லையா, தற்காலிகம் என்று எடுத்துக்கொண்டு ஐந்து முயற்சியில் வெட்டிவிடுங்கள்.

பொறுத்து முயல்வதற்கு ராபிட்டில் ஒரு பழைய கைவேலை உண்டு. யாரும் படிக்காத ஒரு க்யூவை உருவாக்கி, அதில் மெசேஜ் இவ்வளவு மில்லி விநாடிதான் இருக்கலாம் என்று ஆயுள் வைத்து, ஆயுள் முடிந்தால் அசல் க்யூவுக்குப் போ என்று டெட் லெட்டர் வழியைக் கட்டிவிடுங்கள். தோற்ற மெசேஜின் முயற்சி எண்ணை ஒன்று கூட்டி அந்தக் காத்திருப்பு க்யூவில் போட்டு, பழையதற்கு ஆக் கொடுக்க வேண்டும். முதலில் போடுவது, அப்புறம்தான் ஆக், மாற்றினால் நடுவில் தொலையும். ஆயுளை மெசேஜுக்கு மெசேஜ் வேறாக வைத்து ஒரே க்யூவில் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். சாதாரண க்யூவில் தலையில் நிற்பது போன பிறகுதான் பின்னால் இருப்பது நகரும், 10 நிமிட மெசேஜ் முன்னால் நின்றால் 10 விநாடி மெசேஜும் அதன் பின்னால் 10 நிமிடம் நிற்கும். 10 விநாடி, 1 நிமிடம், 10 நிமிடம் என்று மூன்று தனி க்யூ வைத்தேன், இன்றுவரை போதுகிறது. தப்பைப் பிடிக்கும்போது 'எக்ஸெப்ஷன்' மட்டும் பிடிக்காமல் 'த்ரோவபிள்' என்று பிடியுங்கள், பிஎச்பி 7 முதல் டைப் எரர் போன்றவை எக்ஸெப்ஷன் வகையில் வராது, ஒர்க்கரைக் கீழே தள்ளிவிடும்.

அடுத்த தொல்லை பிஎச்பியின் பிறவிக்குணம். பக்கம் வந்தால் பிறந்து, பதில் கொடுத்ததும் சாவது என்றே அது வளர்ந்த மொழி. அதனால் நாம் குப்பையைப் பெருக்கிப் பழகவில்லை. ஒர்க்கர் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஸ்டாட்டிக் அர்ரேயில் சேர்த்ததெல்லாம் அப்படியே இருக்கும், மெமரி ஏறிக்கொண்டே போகும், ஒரு பார்ட்டியின் தகவல் அடுத்த பார்ட்டியின் வேலையில் ஒட்டிக்கொள்ளும் கூத்தும் நடக்கும். தீர்வு எளிது: 500 மெசேஜ் அல்லது 1 மணி நேரம், எது முதலில் வருகிறதோ, முடிந்ததும் ஒர்க்கர் தானாக வெளியேறட்டும், புதியது பிறக்கட்டும். லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் மேக்ஸ் ஜாப்ஸ், மேக்ஸ் டைம் என்று இதற்கே இரண்டு ஆப்ஷன் இருக்கின்றன.

இதைச் செய்யாததால்தான் தினமும் காலையில் முதல் ஆர்டர் மட்டும் தோற்றுக்கொண்டிருந்தது. ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடை ராத்திரி 10 மணிக்குச் சாத்தினால் காலை 10-க்குத்தான் திறக்கும், 12 மணி நேரம் ஒர்க்கர் டேட்டாபேஸிடம் ஒரு வார்த்தை பேசாது. மைஎஸ்க்யூஎல் 28,800 விநாடி, அதாவது 8 மணி நேரம் சும்மா இருக்கும் இணைப்பை அறுத்துவிடும், சொல்லிவிட்டும் போகாது. காலையில் முதல் மெசேஜ் வந்து செத்த இணைப்பில் பேசப் போய் 'சர்வர் போய்விட்டது' என்று வாங்கிக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் ஒரு சின்ன 'செலக்ட் 1' போட்டுப் பார்க்கிறேன், பதில் இல்லையென்றால் புதிதாக இணைக்கிறேன்.

ராபிட் பக்கமும் இதே போல ஒன்று உண்டு. ஹார்ட்பீட், அதாவது 'உயிரோடு இருக்கிறேன்' என்று இடைவெளி விட்டு அனுப்பும் துடிப்பு வைத்திருக்கிறீர்கள், ஒரு வேலை 5 நிமிடம் எடுக்கிறது என்று வையுங்கள். பிஎச்பி ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும், பிடிஎஃப் செய்துகொண்டே ஹார்ட்பீட் அனுப்பாது. ராபிட் ஆள் செத்துவிட்டார் என்று இணைப்பை வெட்டி மெசேஜை வேறு ஒர்க்கருக்குக் கொடுத்துவிடும். இப்போது இரண்டு பேர் ஒரே பில்லைச் செய்துகொண்டிருப்பார்கள். நீண்ட வேலையைத் துண்டாக்குவதுதான் நல்லது, முடியாவிட்டால் ஹார்ட்பீட் இடைவெளியைக் கூட்டுங்கள். ஆக் வராமல் ராபிட் பொறுத்திருக்கும் நேரமும் இப்போதைய பதிப்புகளில் 30 நிமிடம்தான். லாராவெல்லில் இதற்கு உறவுக்காரன் 'ரீட்ரை ஆஃப்டர்', அதாவது முடியாத வேலையை எவ்வளவு நேரம் கழித்து மறுபடி கொடுப்பது என்பது; நாம் மாற்றாவிட்டால் 90 விநாடி. ஒரு வேலை ஓடக்கூடிய உச்ச நேரமான டைம்அவுட் 60. டைம்அவுட் எப்போதும் ரீட்ரை ஆஃப்டரைவிடக் குறைவாக இருக்க வேண்டும், தலைகீழாக வைத்தால் ஒரே வேலை இரண்டு கையில் போகும்.

ஒர்க்கரை உயிரோடு வைத்திருக்க, பிராசஸ்களைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் என்ற நிரல் போதும். அதில் 'ஆட்டோ ரீஸ்டார்ட்' என்பதை ட்ரூ என்றே எழுதுங்கள். எழுதாவிட்டால் 'எதிர்பாராமல் செத்தால் மட்டும்' என்று எடுத்துக்கொள்ளும். 500 மெசேஜ் முடித்து ஒழுங்காக 0 சொல்லி வெளியேறும் நம் ஒர்க்கரை அது திரும்ப எழுப்பாது. அப்புறம் நிறுத்தும் விதம். சூப்பர்வைசர் முதலில் சிக்டெர்ம் என்ற 'நிறுத்து' சிக்னலை அனுப்பும், 10 விநாடி பார்க்கும், இல்லையென்றால் கழுத்தைத் திருகிவிடும். பிஎச்பியின் பிசிஎன்டிஎல் எக்ஸ்டென்ஷனில் சிக்டெர்மைப் பிடித்து, 'போதும்' என்று ஒரு கொடியை மட்டும் உயர்த்துங்கள், கையில் இருக்கும் மெசேஜை முடித்துவிட்டு லூப் அந்தக் கொடியைப் பார்த்து வெளியேறட்டும். பிஎச்பி 7.1 முதல் அசிங்க் சிக்னல்ஸ் வசதி இருப்பதால் சிக்னலைப் பிடிக்க 'டிக்ஸ்' என்று அறிவிக்கும் பழைய தொல்லை இல்லை. உங்கள் நீண்ட வேலை 40 விநாடி எடுக்கும் என்றால் சூப்பர்வைசர் காத்திருக்கும் நேரமான 'ஸ்டாப் வெயிட் செக்ஸ்' 60 வையுங்கள். புதிய நிரலை ஏற்றிய பிறகு ஒர்க்கரை ரீஸ்டார்ட் செய்ய மறக்காதீர்கள், அது பழைய நிரலைத்தான் மெமரியில் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும்.

ஒர்க்கர் எண்ணிக்கையை ஏற்றினால் வரிசை கலையும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 'ஆர்டர் ரத்து' மெசேஜ் 'ஆர்டர் உறுதி' மெசேஜை முந்தலாம். அனுப்பும் முன் ஆர்டரின் தற்போதைய நிலையை டேட்டாபேஸில் பாருங்கள், அதோடு விஷயம் முடிந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கம் வெள்ளம் நின்றது, கரண்ட் இல்லை, நெட் இல்லை. சைட் வெளியே ஒரு டேட்டா சென்டரில் ஓடிக்கொண்டிருந்தது, எஸ்எம்எஸ் அனுப்பும் ஒர்க்கர் மட்டும் கடை மாடியில் இருந்த மெஷினில். எல்லாம் திரும்பி வந்ததும் ஒர்க்கர் எழுந்து, தேங்கியிருந்ததை ஒன்று விடாமல் கடமை உணர்வோடு அனுப்பியது, லாகின் ஓடிபி உட்பட. மூன்று நாள் பழைய ஓடிபி யாருக்கு வேண்டும்? பாதிப் பேர் யாரோ கணக்கைத் திருடப் பார்க்கிறார்கள் என்று பயந்துபோய் போன் போட்டார்கள். மெசேஜில் உருவான நேரத்தை வைக்கச் சொன்னது இதற்காகத்தான். ஓடிபி 5 நிமிடத்துக்கு மேல் பழையது என்றால் அனுப்பாமல் ஆக் கொடுங்கள். பில் மூன்று நாள் ஆனாலும் போகட்டும். ஓடிபிக்கும் பில்லுக்கும் தனித்தனி க்யூ வைப்பது இன்னும் நல்லது, ஆயிரம் பில்லுக்குப் பின்னால் ஒரு ஓடிபி நிற்கக் கூடாது.

தினமும் பார்க்க வேண்டியது மூன்று: க்யூவில் எத்தனை நிற்கிறது, அதில் பழையது எவ்வளவு பழையது, கெட்டது க்யூவில் ஏதாவது விழுந்திருக்கிறதா. எண்ணிக்கையைவிட வயதுதான் முக்கியம். சீசனில் 2,000 நின்றாலும் ஒரு நிமிடத்தில் கரைந்தால் கவலையில்லை, 3 மட்டும் நின்று அதில் ஒன்று இரண்டு மணி நேரப் பழசு என்றால் ஏதோ மாட்டியிருக்கிறது. கெட்டது க்யூ காலியாக இல்லாவிட்டால் எனக்கு போனில் ஒரு தகவல் வரும்படி வைத்திருக்கிறேன்.

கடைசியாகச் சோதனை. வேலைக்கு நடுவில் 20 விநாடி ஸ்லீப் ஒன்று போடுங்கள், மெசேஜ் ஒன்றை விடுங்கள், ஒர்க்கர் அதைப் பிடித்ததும் இன்னொரு டெர்மினலில் அதை அந்த நொடியே கொல்லும் கில் மைனஸ் 9 அடியுங்கள். பலகையில் அந்த மெசேஜ் 'அன்ஆக்டு' எண்ணிக்கையிலிருந்து 'ரெடி'க்குத் திரும்புவது தெரிய வேண்டும். இன்னொரு தடவை, கமிட்டுக்குப் பிறகு, ஆக்குக்கு முன்னால் அதே ஸ்லீப், அதே கில். ஒர்க்கரை மறுபடி எழுப்புங்கள், டேபிளில் வரி ஒன்றுதான் இருக்கிறதா என்று எண்ணுங்கள். இரண்டு இருந்தால் யுனிக் கீ போட மறந்திருக்கிறீர்கள்.